வீட்டு ப்ரீஆம்ப்புக்கு டியூப் செலக்ட் பண்றது, பராமரிக்கிறது: வாங்குறதுல இருந்து மாத்துற வரைக்கும் முழுமையான வழிகாட்டி

டியூப் ப்ரீஆம்ப், அதாவது வால்வு வச்சு பாட்டு சிக்னலைப் பவர் ஆம்ப்புக்கு முன்னாடி ஏத்திக் குடுக்கிற பெட்டி, வாங்கினவங்க இல்ல கிட் வாங்கி அசெம்பிள் பண்ணவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ப்ராண்ட் டியூப் போட்டா சவுண்ட் சூப்பரா இருக்கும்"னுதான். என்னைக் கேட்டா அந்தக் கேள்வி மூணாவதா வரணும். முதல்ல உங்க சர்க்யூட் எந்த டியூப்புக்காக டிசைன் பண்ணினதுன்னு பாக்கணும், ரெண்டாவது கையில இருக்கிற அந்த ஒரு டியூப் ஹிஸ் (ஸ்ஸ்ங்கற இரைச்சல்), ஹம் (ம்ம்ங்கற முனகல்) இல்லாம ஆரோக்கியமா இருக்கான்னு பாக்கணும், இது ரெண்டும் சரியா இருந்தா சாதாரண விலை டியூப்பே அருமையா பாடும், இது ரெண்டும் இல்லன்னா எவ்வளவு பெரிய பேர் இருக்கிற டியூப் போட்டாலும் காசுதான் வேஸ்ட்.

முதல்ல உயிர், அப்புறம்தான் சவுண்ட்

ப்ரீஆம்ப்புதானே, சின்ன டியூப்தானேன்னு நினைக்காதீங்க. உள்ள 250ல இருந்து 350 வோல்ட் வரைக்கும் டிசி ஓடும், ஆளைக் கொல்ல அது தாராளமா போதும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்ல அந்த வோல்டேஜ் நின்னுட்டே இருக்கும், சில செட்ல அதை வடிச்சு விடுற ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. மூடியைத் திறக்கணும்னா ப்ளக்கைப் பிடுங்கி, அஞ்சு நிமிஷம் விட்டு, மல்டிமீட்டரை டிசி ஹை ரேஞ்ச்ல வச்சு மெயின் கெப்பாசிட்டர்ல பாருங்க. இன்னும் வோல்ட் காட்டுச்சுன்னா 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் இன்சுலேட் பண்ணின க்ளிப் போட்டு கெப்பாசிட்டர் குறுக்க கொஞ்ச நேரம் பிடிங்க, 10 வோல்ட்டுக்குக் கீழ வந்ததுக்கு அப்புறம்தான் கை உள்ள போகணும். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்றவங்க இருக்காங்க, அது கெப்பாசிட்டருக்கும் கெடுதல் உங்க கண்ணுக்கும் ஆபத்து. மூடியைத் திறக்காம வெளியில நீட்டிட்டு இருக்கிற டியூப்பை மட்டும் மாத்துறதுன்னா இவ்வளவு தேவையில்ல, ஆஃப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்கி ஆறவிட்டுட்டு மாத்தினா போதும்.

உங்க செட்ல என்ன டியூப், ஏன் அது

ப்ரீஆம்ப்ல அதிகமா பாக்குறது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பால இதுக்குப் பேர் இசிசி83, ரெண்டும் ஒண்ணுதான். ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு ட்ரையோட், அதாவது சிக்னலை ஏத்துற ரெண்டு தனிப் பகுதி (ஹீட்டர் கேதோடைச் சூடாக்கும், கேதோட் எலக்ட்ரானை விடும், க்ரிட் அதைக் கட்டுப்படுத்தும், ப்ளேட் வாங்கிக்கும்). ஆம்ப்ளிஃபிகேஷன் ஃபேக்டர், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு வரைக்கும் ஏத்த முடியும்ங்கற எண், 100. அடுத்து 12ஏடி7 அதாவது இசிசி81, அதுக்கு 60. 12ஏயு7 அதாவது இசிசி82, அதுக்கு 20க்குள்ள. 6டிஜே8 அதாவது இசிசி88க்கு 33. பழைய பெரிய எட்டு பின் ஆக்டல் டியூப்ல 6எஸ்என்7க்கு 20, 6எஸ்எல்7க்கு 70.

இந்த நம்பர் பெருசா இருந்தா நல்ல டியூப்னு அர்த்தம் இல்ல. இன்னைக்கு ஒரு டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) இல்ல சிடி ப்ளேயர் 2 வோல்ட் வரைக்கும் அவுட்புட் குடுக்குது, நிறைய பவர் ஆம்ப்புக்கு ஃபுல் பவர் எடுக்கவே ஒண்ணு, ரெண்டு வோல்ட் போதும். அப்போ இந்த சிக்னலை வாங்குற லைன் ஸ்டேஜ்ல பெரிய கெயின், அதாவது ஏத்துற மடங்கு, எதுக்கு? 12ஏயு7 போட்ட சாதாரண ஸ்டேஜே பத்து மடங்குக்கு மேல தரும், அதுவே அதிகம்தான். வால்யூம் நாபை எட்டு மணி பொசிஷன்ல வச்சாலே வீடு அதிருதுன்னா உங்க பிரச்சனை கெயின் அதிகமா இருக்கிறது, அதோட சேர்ந்து ஹிஸ்ஸும் பெருசாகி வரும். ஆனா எல்பி கேக்குற ஃபோனோ ஸ்டேஜ் கதையே வேற, ஊசி இருக்கிற மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் குடுக்குறது 5 மில்லிவோல்ட் அளவுதான், அதை 1 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 40 டெசிபல் ஏத்தணும், ரெக்கார்டுல குறைச்சுப் பதிஞ்ச பாஸைத் திருப்பி ஏத்துற ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன்னால 20 ஹெர்ட்ஸ் பக்கம் அதுக்கு மேல இன்னும் 20 டெசிபல் கிட்ட ஏறும். அங்க 12ஏஎக்ஸ்7 நியாயமான தேர்வு. லைன் ஸ்டேஜ்ல கேக்கவே கேக்காத சின்ன ஹம் ஃபோனோல பூதாகரமா கேக்குறதுக்குக் காரணமும் இந்த பாஸ் ஏத்தம்தான்.

எதுக்குப் பதிலா எது போடலாம், எது போடவே கூடாது

சாக்கெட்ல பொருந்துதுன்னு போட்டுடாதீங்க, ஒன்பது பின் சாக்கெட்ல பத்து வகை டியூப் பொருந்தும். 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூணுக்கும் பின் வரிசை ஒண்ணுதான், ஹீட்டர் 4, 5ல இருக்கும், நடு டேப் 9ல. 4க்கும் 5க்கும் 12.6 வோல்ட் குடுத்தா 150 மில்லிஆம்ப் எடுக்கும், 4, 5 ரெண்டையும் சேர்த்து 9ஓட 6.3 வோல்ட் குடுத்தா 300 மில்லிஆம்ப். 6டிஜே8ல ஹீட்டர் 4, 5ல 6.3 வோல்ட் மட்டும்தான், 9 வெறும் ஷீல்டு. அதனால 12.6 வோல்ட் வயரிங் இருக்கிற 12ஏஎக்ஸ்7 சாக்கெட்ல 6டிஜே8 சொருகினா ஹீட்டருக்கு ரெண்டு மடங்கு வோல்டேஜ் போய் எரிஞ்சுடும். 6.3 வோல்ட் வயரிங்கா இருந்தா ஹீட்டர் சூடாகவே ஆகாது, டியூப் டெட்னு நினைச்சுப் பலபேர் திருப்பி அனுப்புவாங்க. ரஷ்யாவோட 6என்2பியும் இப்படித்தான், ஆம்ப்ளிஃபிகேஷன் 12ஏஎக்ஸ்7 மாதிரியே இருக்கும், ஆனா ஹீட்டர் வயரிங் வேற, நேரா மாத்த முடியாது. 6என்1பியை 6டிஜே8க்குப் பதிலா போடலாம்னு விக்கிறாங்க, பின் பொருந்தும்தான், ஆனா ஹீட்டர் 600 மில்லிஆம்ப் கேக்கும், 6டிஜே8 கேக்குறது 365. உங்க ட்ரான்ஸ்ஃபார்மர்ல அந்த மிச்சம் இருக்கான்னு தெரியாம போடாதீங்க.

6டிஜே8 விஷயத்துல இன்னொண்ணு, டேட்டாஷீட்படி அதோட ப்ளேட் வோல்டேஜ் லிமிட் 130 வோல்ட்தான். அதைத் தாண்டி ஓட்டுற சர்க்யூட்டும் இருக்கு, அந்த மாதிரி செட்ல 6922 அதாவது இ88சிசி போடுங்க, அது 220 வோல்ட் வரைக்கும் தாங்கும்.

12ஏஎக்ஸ்7 இருக்கிற இடத்துல கெயினைக் குறைக்கணும்னு 12ஏயு7 போடுறது கிடார்காரங்க பண்ற வேலை. அவங்களுக்கு டிஸ்டார்ஷன் வந்தாலும் பரவாயில்ல, அதனால சரி. வீட்ல பாட்டு கேக்க அது வேண்டாம், 12ஏஎக்ஸ்7க்கு வச்ச 100 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டரும் 1.5 கிலோ ஓம் கேதோட் ரெசிஸ்டரும் 12ஏயு7க்குச் சரியான பயஸை, அதாவது அது ஓட வேண்டிய வோல்டேஜ் நிலையை, குடுக்காது. கெயின் கொஞ்சம் குறைஞ்சா போதும்னா 5751 போடுங்க, அதோட ஃபேக்டர் 70, பயஸும் ஒத்துப்போகும், ஹீட்டர் மட்டும் கொஞ்சம் கூட எடுக்கும், 6.3 வோல்ட்ல 350 மில்லிஆம்ப். இண்டஸ்ட்ரியல் வேலைக்குன்னு செஞ்சதால நிறைய 5751 நல்லா அமைதியாவும் இருக்கும். லைன் ஸ்டேஜ்ல எனக்குப் பிடிச்ச மாத்து இதுதான்.

ஃபோனோல மாத்தும்போது யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. டியூப்போட க்ரிட்டுக்கும் ப்ளேட்டுக்கும் நடுவுல இருக்கிற சின்ன கெப்பாசிட்டன்ஸ், 12ஏஎக்ஸ்7ல சுமார் 1.6, 1.7 பிகோஃபாரட், அது ஸ்டேஜ் கெயினால பெருகி இன்புட்ல தெரியும், இதுக்குப் பேர் மில்லர் எஃபெக்ட். கெயின் 55ன்னு வச்சா கிட்டத்தட்ட 95 பிகோஃபாரட். கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்ற லோடு பல சமயம் 150ல இருந்து 250 பிகோஃபாரட்டுக்குள்ளதான் இருக்கும், அதுல டோன்ஆர்ம் வயரும் கேபிளும் ஏற்கனவே பாதிக்கு மேல எடுத்துக்கும். அப்போ கெயின் குறைவான டியூப் போட்டதும் ட்ரெபிள் மாறி கேட்டுச்சுன்னா அதுல இந்த லோடு மாறினதுக்கும் பங்கு இருக்கலாம்.

பழசா புதுசா

இன்னைக்கு ஓடிட்டு இருக்கிற பெரிய ஃபேக்டரிகள் கொஞ்சம்தான். ஸ்லோவாக்கியாவோட சாட்சா ஊர்ல ஜேஜே, ரஷ்யாவோட சரடோவ்ல நியூ சென்சார் கம்பெனியோட ஃபேக்டரி, அப்புறம் சீனா. சரடோவ்ல செய்ற டியூப்தான் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்சால், முல்லார்ட், கோல்டு லயன்னு வேற வேற பேர்ல வருது. டிசைன்ல வித்தியாசம் இருக்கும், ஆனா இன்னைக்குப் புது டப்பாவுல வர்ற முல்லார்ட் இங்கிலாந்தோட ப்ளாக்பர்ன்ல அந்தக் காலத்துல செஞ்ச முல்லார்ட் இல்ல. பேரைப் பாத்து காசு குடுக்காதீங்க.

பழைய ஸ்டாக் தேடுறவங்களுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு நல்ல சமாச்சாரம் இருக்கு, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதாவது பெல். வால்வு ரேடியோ காலத்துல அவங்க செஞ்ச இசிசி83 மாதிரி டியூப்கள் இன்னும் பழைய ரேடியோ மெக்கானிக் கடைகள்லயும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு மாதிரி இடங்கள்லயும் அப்பப்போ தலை காட்டும். விசாரிச்சுட்டே இருங்க.

போலியும் நிறைய சுத்துது. கண்ணாடி மேல இருக்கிற பிரிண்டை அழிச்சுட்டு வேற பேர் அடிக்கிறது ரொம்ப சுலபம். அதனால பிரிண்டை விட கண்ணாடியையும் உள்ள இருக்கிற அமைப்பையும் நம்புங்க. ஜெர்மன்ல செஞ்ச டெலிஃபங்கன் டியூப்ல அடியில பின்களுக்கு நடுவுல கண்ணாடியிலேயே ஒரு சின்ன டைமண்ட் வடிவம் அழுந்தி இருக்கும். முல்லார்ட், பிலிப்ஸ் குரூப் டியூப்ல கண்ணாடியோட கீழ்ப்பக்கம் சின்ன எழுத்துல ரெண்டு வரியில ஒரு குறியீடு இருக்கும், ரெண்டாவது வரியோட முதல் எழுத்து ஃபேக்டரி, ப்ளாக்பர்ன்னா பி. டார்ச் அடிச்சு சாய்ச்சு பாத்தாதான் தெரியும்.

விக்கிறவர்கிட்ட "என்ஓஎஸ்" (பயன்படுத்தாத பழைய ஸ்டாக்)ங்கற வார்த்தையை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. ரெண்டு ட்ரையோடுக்கும் தனித்தனியா டெஸ்ட் ரிசல்ட் கேளுங்க, என்ன மெஷின்ல பாத்தீங்க, புது டியூப்புக்கு அதுல எவ்வளவு வரும்னு கேளுங்க, நாய்ஸுக்கும் மைக்ரோஃபோனிக்குக்கும் (டியூப் அதிர்ந்தா அது ஸ்பீக்கர்ல கேக்குறது) பாத்தீங்களான்னு கேளுங்க. கேதோட்ல இருந்து கரண்ட் வருதான்னு மட்டும் பாக்குற எமிஷன் டெஸ்டர்ல பச்சை காட்டின டியூப் ஃபோனோல கரகரன்னு இரையலாம், அந்த மெஷினுக்கு அது தெரியாது. சத்தம் வந்தா திருப்பி எடுத்துக்குவீங்களாங்கறதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி.

கைக்கு வந்ததும் கண்ணால பாக்குறது

டியூப் தலையில வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு பூச்சு இருக்கும், அது கெட்டர், உள்ள மிச்சம் இருக்கிற வாயுவை உறிஞ்சுறதுக்காகப் போட்டது. அது பால் வெள்ளையா மாறியிருந்தா உள்ள வெளிக்காத்து புகுந்துடுச்சு, அந்த டியூப் முடிஞ்சது, சொருகியும் பாக்காதீங்க. ஓரம் மட்டும் பழுப்பா மங்கி இருந்தா நிறைய ஓடின டியூப்பா இருக்கலாம், ஆனா சில ஃபேக்டரி டியூப் புதுசுலயே அப்படித்தான் இருக்கும். அப்புறம் பின் வளைஞ்சிருக்கா, பின் நுழையிற இடத்துல கண்ணாடி கீறல் விட்டிருக்கான்னு பாருங்க. கண்ணாடியில கைபடக் கூடாதுன்னு சொல்றது ஹாலஜன் பல்புக்கு, ப்ரீஆம்ப் டியூப் அந்த அளவுக்குச் சுடாது, தாராளமா பிடிங்க. ஆனா பிரிண்டைத் தேய்க்காதீங்க, பழைய டியூப்ல விரல் பட்டாலே எழுத்து போயிடும்.

சொருகுறது

நேரா பிடிச்சு, பின்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாத்து பொருத்தி மெதுவா அழுத்துங்க. கழட்டும்போது கண்ணாடியோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு சின்னதா வட்டமா அசைச்சு அசைச்சு மேல தூக்குங்க, ஒரு பக்கமா சாய்ச்சு இழுத்தா பின் கிட்ட கண்ணாடி விரிசல் விடும்.

ஆன் பண்ணின உடனே சில டியூப்ல அடியில ஒரு நொடி பளீர்னு வெள்ளையா மின்னும், அப்புறம் அடங்கி ஆரஞ்சு நிறத்துக்கு வந்துடும். பழைய முல்லார்ட் மாதிரி டியூப்ல இது வழக்கம், முதல் தடவை பாக்குறவங்க பதறி ஆஃப் பண்ணிடுவாங்க, அது ஹீட்டர் சூடாகுற விதம் அவ்வளவுதான். புது டியூப்ல முதல் சில மணி நேரம் லேசா பட்பட்னு சத்தம் வரலாம், ஒரு இருபது மணி நேரம் ஓட விட்டுட்டு முடிவு பண்ணுங்க. அதுக்கு மேலயும் 300 மணி நேரம் ஓடினாதான் டியூப் திறக்கும்னு சொல்றவங்க பேச்சைக் கேட்டு திருப்பி அனுப்புற தேதியை விட்டுடாதீங்க.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது

இதுதான் நிதானமா பண்ண வேண்டிய வேலை. வால்யூமை நீங்க வழக்கமா கேக்குற அளவுல வச்சு, பாட்டு எதுவும் போடாம ஸ்பீக்கர் பக்கத்துல காதை வைங்க. ஸ்ஸ்ன்னு வந்தா ஹிஸ், ம்ம்ன்னு வந்தா ஹம். ஹம் 50 ஹெர்ட்ஸா அடி குரல்ல வந்தா ஹீட்டர்ல இருந்து கேதோடுக்குக் கரண்ட் கசியுறது இல்லன்னா எர்த் லூப் (ரெண்டு வழியா எர்த் ஆகி சுத்துற கரண்ட்), 100 ஹெர்ட்ஸா கொஞ்சம் கூர்மையா வந்தா பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படணும், அதுக்கு டியூப்பை மாத்தி பிரயோஜனம் இல்ல.

ஒரு பக்கம் மட்டும் சத்தம்னா லெஃப்ட் டியூப்பையும் ரைட் டியூப்பையும் இடம் மாத்துங்க, ஆஃப் பண்ணி ஆறவிட்டுத்தான். சத்தம் டியூப்போட கூடவே போச்சுன்னா டியூப், அங்கேயே நின்னா சர்க்யூட் இல்லன்னா சாக்கெட். சில செட்ல ஒரே டியூப்போட ஒரு பாதி லெஃப்ட்டுக்கும் இன்னொரு பாதி ரைட்டுக்கும் வேலை செய்யும், அங்க இந்த வித்தை பலிக்காது, நல்லதுன்னு தெரிஞ்ச இன்னொரு டியூப்பைப் போட்டுத்தான் பாக்கணும்.

மைக்ரோஃபோனிக்குக்கு பென்சிலோட ரப்பர் பக்கத்தால டியூப்பை லேசா தட்டுங்க, வால்யூமைக் குறைச்சு வச்சுட்டு. ஃபோனோ முதல் ஸ்டேஜ்ல டொக்குன்னு லேசா கேக்குறது சகஜம். ஆனா மணி அடிச்ச மாதிரி ணிங்ன்னு நீண்டு கேட்டா அந்த டியூப் முதல் ஸ்டேஜுக்கு ஆகாது. தூக்கிப் போட வேண்டாம், கெயினுக்குப் பிறகு வர்ற கடைசி ஸ்டேஜ்ல போட்டா ஒண்ணும் தெரியாது. என்னோட வழக்கம் இதுதான், ஒரே வகையில சிலதை வாங்கி எல்லாத்தையும் முதல் ஸ்டேஜ்ல போட்டு கேட்டு, ரொம்ப அமைதியானதை அங்கேயே விட்டுட்டு மத்ததைப் பின்னாடி தள்ளிடுவேன். நீள ப்ளேட் இருக்கிற 12ஏஎக்ஸ்7 பொதுவா குட்டை ப்ளேட்டை விட அதிர்வுக்கு உணர்ச்சி ஜாஸ்தி, அதையும் மனசுல வச்சுக்குங்க. சிலிகான் ரிங் கொஞ்சம் உதவும், செட்டை ஸ்பீக்கர் கிட்ட இருந்து தள்ளி வச்சா அதை விட நல்லா உதவும்.

டெஸ்டர் இல்லாம டியூப்போட பலத்தைப் பாக்குறது

மூடி திறந்து லைவ்ல மல்டிமீட்டர் வைக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு மட்டும் இது. ஆஃப்ல இருக்கும்போதே மீட்டரோட நெகடிவை முதலைக் க்ளிப்பால க்ரவுண்ட்ல மாட்டிடுங்க, ஆன் பண்ணினதும் ஒரு கையால மட்டும் அளங்க, இன்னொரு கை பாக்கெட்ல.

250 வோல்ட் சப்ளை, 100 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம் கேதோட் ரெசிஸ்டர், இது 12ஏஎக்ஸ்7க்கு டேட்டாஷீட்லயே இருக்கிற அமைப்பு, கரண்ட் 0.86 மில்லிஆம்ப், கெயின் 54 சொச்சம். அப்போ கேதோட்ல, பின் 3லயும் 8லயும், 1.3 வோல்ட் கிட்ட வரணும், ப்ளேட்ல 164 பக்கம். உங்க சர்க்யூட்ல நம்பர் வேற இருக்கும், புது டியூப் போட்டதும் அளந்து எழுதி வச்சுக்குங்க. பின்னாடி அந்த கேதோட் வோல்டேஜ் கால்வாசிக்கு மேல இறங்கியிருந்தா, இல்ல லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தா டியூப் தேய்ஞ்சுட்டு வருது.

அப்படியே அடுத்த ஸ்டேஜோட க்ரிட்லயும் டிசி பாருங்க. கேதோட் பயஸ், கெப்பாசிட்டர் கப்ளிங் இருக்கிற சர்க்யூட்னா அங்க பூஜ்ஜியம் இருக்கணும். பாசிடிவ் வோல்ட் காட்டினா ஆஃப் பண்ணி அந்த ஸ்டேஜ் டியூப்பை மட்டும் கழட்டிட்டு மறுபடி அளங்க. இன்னும் காட்டினா முன்னாடி இருக்கிற கப்ளிங் கெப்பாசிட்டர் லீக் ஆகுது, காணாம போச்சுன்னா அந்த டியூப்குள்ள வாயு இருக்கு. வால்யூம் நாபைத் திருப்பும்போது கரகரன்னு வர்றதுக்கும் சில சமயம் இதுதான் காரணம், வால்யூம் கன்ட்ரோலை மாத்தி மாத்தி அலுத்துப்போனவங்க இதைப் பாருங்க.

ஹீட்டர் வோல்டேஜ்

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பத்து சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம், அதாவது 5.7ல இருந்து 6.9 வரைக்கும். 220 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற இறக்குமதி செட்டை 240 வோல்ட் வர்ற லைன்ல போட்டா ஹீட்டர் 6.87க்கு ஏறி நிக்கும், லிமிட்டோட விளிம்பு. ராத்திரி லோடு குறைஞ்சு லைன் இன்னும் ஏறுற ஏரியான்னா லிமிட்டைத் தாண்டிடும், கேதோட் சீக்கிரம் காலியாகும். அளந்து பாருங்க, கூட இருந்தா நல்ல ஸ்டெபிலைசர் போடுங்க இல்லன்னா ட்ரான்ஸ்ஃபார்மர்ல 240 டேப் இருந்தா அதுக்கு மாத்துங்க. ஆயிரக்கணக்குல டியூப்புக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க.

மத்த பராமரிப்பு

கடற்கரை பக்கம் இருக்கிற வீட்ல உப்புக் காத்துல பின்னும் சாக்கெட்டும் சீக்கிரம் கறுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை செட்டை ஆஃப் பண்ணி ஆறவிட்டு டியூப்பைக் கழட்டி பின்னை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைங்க, சாக்கெட் துளைக்கு பல் இடுக்கு சுத்தம் பண்ற மெல்லிய ப்ரஷ்ல கான்டாக்ட் க்ளீனர் தொட்டு விடுங்க, ஸ்ப்ரேயை நேரா அடிக்காதீங்க. முழுசா காஞ்ச பிறகுதான் ஆன் பண்ணணும். டியூப் லூசா உக்காந்தா சாக்கெட் தகட்டை ஊசியால லேசா நெருக்கணும், ஆனா இது மூடி திறக்கிற வேலை மாதிரியேதான், கெப்பாசிட்டர் காலியான்னு பாத்துட்டு பண்ணுங்க.

ஆன் பண்ணும்போது ப்ரீஆம்ப் முதல்ல, அரை நிமிஷம் கழிச்சு பவர் ஆம்ப். ஆஃப் பண்ணும்போது பவர் ஆம்ப் முதல்ல. இல்லன்னா டப்புன்னு ஸ்பீக்கர்ல அடிக்கும். நாள் முழுக்க ஆன்லயே விடாதீங்க, ஹீட்டரை மட்டும் ஓட விட்டு ஸ்டாண்ட்பைல வாரக்கணக்குல வைக்கிறதும் வேண்டாம், கரண்ட் ஓடாம கேதோட் மட்டும் சூடா இருந்தா அதுல ஒரு ரெசிஸ்டன்ஸ் படலம் உருவாகும்.

சின்ன சிக்னல் டியூப் ஒழுங்கா ஓட்டினா 5000ல இருந்து 10000 மணி நேரம் வரும், இ88சிசி மாதிரி இண்டஸ்ட்ரியல் டியூப்பை 10000 மணி நேரத்துக்குன்னே டிசைன் பண்ணினாங்க. தினம் மூணு மணி நேரம் கேட்டா வருஷத்துக்கு 1100 மணி நேரம் கிட்ட, அப்போ 5000ங்கறதே நாலரை வருஷம். வருஷா வருஷம் மாத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ட்ரெபிள் மங்குறது, ஒரு பக்கம் சத்தம் குறையிறது, ஹிஸ் ஏறுறது, கேதோட் வோல்டேஜ் இறங்குறது, இதுல ஒண்ணு வந்தா மாத்துங்க.

ஒவ்வொரு வகையிலயும் கேட்டு சரிபார்த்த ஒரு ஸ்பேர் வச்சுக்குங்க, பழைய டப்பாவுலயே பின் வளையாம வச்சு, மேல பென்சில்ல எந்த ஸ்டேஜ்ல கேட்டீங்க, அமைதியா இருந்துச்சா, ரெண்டு கேதோட் வோல்டேஜும் எவ்வளவு, என்ன தேதின்னு எழுதிடுங்க.